வைத்த பெயரும் எழுதிய பெயரும்

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்திற்கு நம்மை அழைக்க வந்த இளைஞர்கள், ஆண்டு விழா ஆகையால் அரசியல் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான ஒரு விடயத்தைப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நாமும் இணங்கினோம். எல்லோருக்கும் பொதுவானது யாது என்று ஆராய்ந்தபொழுது, பெயரைவிடப் பொதுவானது வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. ஆகவே பெயரைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்தோம். அது அரசியலா அல்லவா என்பதை, பேசி முடித்த பின்னர் நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

தமக்கு வேறொரு பெயரை வைத்திருக்கலாமே என்று ஒருநாளாவது எண்ணாதவர் அரியர். நீண்ட பெயர் பெற்றவர் குறுகிய பெயரை விரும்புவர். பாட்டனின் பெயரைச் சுமப்பவர் புதிய பெயரை விரும்புவர். கடல் கடந்து குடியேறிய நம்மவரின் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலே ஆசிரியர் இடாப்பைப் பார்த்துத் தடுமாறும்பொழுது, நாவுக்கு இலகுவான பெயராக இருந்திருக்கலாகாதா என்று ஏங்குவர். எண்சாத்திரம் பார்த்து, பொருள் ஒன்றும் இல்லாத ஓசைகளைக் கோத்து இக்காலத்தில் வைக்கப்படும் பெயர்களைக் கேட்டு முதியோர் சிரிக்கின்றார்கள். நாமும் சிரித்தவர்களே. ஆயினும் அப்பெயர்களுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றைக் கேட்டமாத்திரத்தில் இன்ன குறிச்சி, இன்ன சாதி என்று எவராலும் கணக்கிட முடியாது. அதை எண்ணிய நாள் முதல் நாம் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

பிறர் இட்ட பெயரை உதறித் தமக்கு உவந்த பெயரைச் சூடிக்கொண்ட பெரியோர் நம் வரலாற்றில் உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியிலே, மாணவரின் செலவுக்கென அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்களை மாணவர்க்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவன், தான் கண்டறியாத ஒரு வெள்ளையரின் பெயரைச் சுமந்துகொண்டு வகுப்பிலே எழுந்து நிற்பான். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த தாமோதரம்பிள்ளை அவ்வாறு சாள்ஸ் வின்சிலோ ஆனார். பின்னர் அவர் சைவத்திற்கு மீண்டு, பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றும் பெரும்பணியிலே இறங்கினார். கலித்தொகையை அவர் 1887 இல் பதிப்பித்ததை இங்கிருக்கும் ஆசிரியர்கள் அறிவர். அந்நூல்களின் முகப்பிலே அவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துக்கள் சி. வை. என்பன, சிறுப்பிட்டி என்னும் ஊரும் வைரவநாதர் என்னும் தந்தையாரும் அவற்றுள் அடங்குவர். ஆங்கிலத்தில் முன்னிருந்த எழுத்துக்களின் ஓசை ஏறக்குறைய அப்படியே நிற்க, பொருள் மாத்திரம் ஊருக்குத் திரும்பிவிட்டது! தமிழகத்திலே வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என்று தூய தமிழாக்கிக்கொண்ட அடிகளாரையும் நீங்கள் அறிவீர்கள்.

இவர்கள் மாற்றினார்கள், உலகம் ஒப்புக்கொண்டது. கல்வியும் குடிப்பிறப்பும் அவர்களுக்கு அருகே நின்றன. அவை இரண்டும் அருகே நில்லாதவர் விரும்பிய பெயர் என்னவாயிற்று என்பதைச் சொல்லவே நாம் இங்கு வந்தோம்.

அடிமை முறை இந்நாட்டிலே 1844 ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே, தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் நினைத்த பெயரைப் பதிய இயலவில்லை. பிறப்பைப் பதிபவரும், ஊரின் விதானையாரும் நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களிலிருந்தே பெரும்பாலும் நியமிக்கப்பட்டார்கள். கந்தசாமி என்று சொல்லித் தகப்பன் கைகட்டி நிற்பான். பதிவேட்டில் ஏறுவது கந்தன். வள்ளியம்மை வள்ளியாவாள். செல்லம்மா செல்லியாவாள். சின்னத்தம்பி சின்னானாவான். தகப்பனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்க முடியாது.

இரண்டு மூன்று எழுத்துக்களில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். அவ்வெழுத்துக்களிலேதான் எல்லாம் இருந்தது. வள்ளியம்மை என்று அழைப்பவர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அம்மை என்னும் சொல்லை உச்சரித்தேயாக வேண்டும். கந்தசாமி என்று கூப்பிடும் வாய் சாமி என்றுதான் முடியும். கூலிக்கு நிற்கும் ஒருவரை நாளுக்குப் பத்துத் தடவை சாமி என்று அழைக்க மனம் ஒப்பாதவர்கள், அந்த மரியாதை தற்செயலாகவும் தம் வாயிலிருந்து தவறி விழாதபடி, பெயரின் வாலைப் பிறப்பிலேயே வெட்டிவிட்டார்கள். மேலாடையையும் நகையையும் தடுத்த அதே கைதான் பேனாவையும் பிடித்திருந்தது.

நம் கட்சிக்காரர் ஒருவரின் விடயத்தை அவருடைய அனுமதியுடன் சொல்கின்றோம். அவருடைய ஊரையும் மெய்ப்பெயரையும் சொல்லப்போவதில்லை. மேலே சொன்னவற்றிலிருந்து சின்னத்தம்பி என்பதை அவருக்காகக் கடன் வாங்கிக்கொள்வோம். அவர் 1944 இல் பிறந்தவர். நாற்பது ஆண்டுகள் குத்தகைக்கு வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டத்திலே நான்கு பரப்பை, மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டு விலைக்கு வாங்க வந்தார். விற்பவர் வெளிநாட்டில் குடியேறிய நமது உறவினரே. உறுதியை வரைந்தபொழுது விற்பவரின் பெயர் இரண்டு வரிக்கு நீண்டு, பிள்ளை என்று முடிந்தது. வாங்குபவரின் பெயரோ பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் உள்ளவாறு சின்னான் என்று நின்றது. வரைவை வாசித்துக் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, காணியை ஒரு மாதம் பிந்தி வாங்கினால் நட்டம் உண்டோ என்று கேட்டார். பெயரைத் திருத்திக்கொண்டு வாங்க வேண்டுமாம்.

அவர் பெரிய பெயர் ஏதேனும் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது, தாயார் வீட்டுக்குள்ளே தம்மை அழைத்த பெயர். படலைக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கத் தாயார் அஞ்சினாராம். சட்டத்தின் பாஷையிலே இது பெயர் மாற்றம். உண்மையிலே அது, எண்பது ஆண்டுகள் காத்திருந்த பெயரை எழுதுவிப்பதேயன்றி வேறில்லை.

இனி நாம் சொல்ல வேண்டியது நம்மைப் பற்றியது. நாம் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். அவர் நமது பாட்டனாரை நயினார் என்பார். நாமோ, வாய் திருந்தாத வயதிலிருந்தே, தகப்பன் வயதுடைய அவரைப் பெயர் சொல்லி, அதுவும் வால் வெட்டிய பெயரைச் சொல்லி அழைத்தோம். வீட்டிலே எவரும் நம்மைக் கண்டித்ததில்லை. 1995 ஐப்பசியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவில், மழையிலும் சனநெரிசலிலும் நமது பாட்டியாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். பின்னால் மூட்டையுடன் நடந்த நாம், கூட்டத்தில் அவரைத் தவறவிடும்போதெல்லாம் உரத்துக் கூப்பிட்டோம். என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். அவ்விரவிலே அத்தனை ஆயிரம் பேரும் ஒரே பாதையில், ஒரே அச்சத்துடன் நடந்தோம். ஆயினும் அந்தப் பெயரை மாத்திரம் நாம் இடம்பெயர்க்கவில்லை.

சட்டத்திலே வழி இருக்கின்றது. 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், இருபத்தொரு வயதைக் கடந்த ஒருவர் தமது பெயரை மாற்றிப் பதியும்படி தாமே விண்ணப்பிக்கலாம். வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் சிக்கல் ஒருவரோடு முடிவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றில்லை. தந்தையின் பெயரே நமக்கு முன்னால் நிற்கின்றது. நம் நாட்டுப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலே தந்தையின் பெயருக்கு ஒரு கூடு உண்டு. போதாதென்று பாட்டனின் பெயருக்கும் ஒரு கூடு வைத்திருக்கின்றார்கள். ஆகவே பதிவாளர் ஒருநாள் வெட்டிய வால், மகனின் பத்திரத்திலும் பேரப்பிள்ளையின் பத்திரத்திலும் வெட்டுண்டே கிடக்கும். மகன் தனக்கு அழகான பெயரை வைத்துக்கொண்டாலும், தகப்பன் பெயர் என்ன என்று ஆசிரியர் வகுப்பிலே கேட்கும்பொழுது எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாது நின்ற பிள்ளைகள் உண்டென்று வயது முதிர்ந்த ஆசிரியர்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றார்கள்.

பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் மாறினால் வரும் கேட்டை மலையகத் தமிழரிலும் அதிகம் அறிந்தவர் இல்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபொழுது, இந்நாட்டிலே தொடர்ந்து வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிறுவ வேண்டியிருந்தது. தோட்டத்துச் செக்குறோலிலே கணக்கப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, பதிவிலே உள்ள பெயர் மற்றொன்று என்றால், அம்மனிதன் தானே தான் என்பதைத் தானே நிரூபிக்க வேண்டியவனானான். அந்த அநீதியை நாம் மேடைதோறும் கண்டித்தோம், கண்டித்தது நியாயமே. ஆயினும் நம் கையாலே, நம் சொந்த ஊரிலே எழுதப்பட்ட பெயர்களைப் பற்றி எந்த மேடையிலே பேசினோம்?

முதியவரின் விண்ணப்பத்துக்குத் தடை சொன்னவர் அவருடைய பேர்த்தியார். பல்கலைக்கழகத்தில் பயிலும் பெண். அப்பப்பாவின் பெயரை ஏன் மாற்ற வேண்டும், வெட்கப்பட வேண்டியவர்கள் அதை எழுதியவர்களே, பத்திரம் அப்படியே கிடக்கட்டும், பின்வருவோர் பார்த்து அறியட்டும் என்று நம்முடைய மேசைக்கு முன்னால் நின்று வாதாடினார். அந்த வாதம் நமக்குப் பிடித்தது, மறைக்கவில்லை. சாட்சியத்தை அழிக்கலாகாது என்பது நமது தொழிலின் முதற்பாடம். பெயர்களைத் திருத்தித் திருத்தி, இப்படி ஒரு கொடுமை நடக்கவேயில்லை என்று சாதிப்பவர்களுக்கு நாமே வழி செய்துவிடுவோமோ என்ற ஐயம் இன்னமும் நமக்கு உண்டு.

முதியவர் பேர்த்தியாரை மறுக்கவில்லை. "பிள்ளை சொல்லுறது சரிதான் ஐயா. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அவளை ஒருநாளும் ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார்.

அதன்பின் நாம் விண்ணப்பத்தை எழுதினோம். சாட்சியம் வேண்டுமென்றால் அதைச் சுமக்க வேண்டியவர் அவர் அல்லர். வால் வெட்டிய பெயர்களை எழுதியவரின் குடும்பங்களிலும், அப்பெயர்களைச் சொல்லி அழைத்தவரின் குடும்பங்களிலும் பிறந்த நாம், எழுதியும் பேசியும் அதைச் சுமக்கலாம். இன்று பேசுவதும் அதன் பொருட்டே. எண்பதைக் கடந்த ஒருவர் தம்முடைய காணிக்குத் தம்முடைய பெயரிலே உறுதி முடிக்க விரும்பும்பொழுது, நீர் வரலாற்றுக்காக இன்னும் சில காலம் சின்னானாக இரும் என்று சொல்ல நாம் யார்?

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பாடசாலைக்கும் தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் உள்ளே போகும் உரிமையைச் சொல்லிற்று. அந்த உரிமையும் இலகுவில் கிட்டவில்லை. மாவிட்டபுரத்து வாசலில் 1968 இல் நடந்தவற்றை நேரிற் கண்டவர்கள் இச்சபையிலும் இருக்கலாம். வாசலிலே பொலிசாரை நிறுத்தலாம். ஒருவரின் நாவிலே யாரை நிறுத்துவது? முதியவரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும், ஒழுங்கையிலே எதிர்ப்படும் நம்மவர் பழைய பெயரைச் சொல்லி அழைத்தால் அதற்கு எந்த நீதிமன்றமும் இல்லை. நாம் நமது வீட்டிலிருந்து தொடங்கினோம். அறுபது ஆண்டுகளாகப் பழகிய நாவு நமது தாயாருக்கு உடனே திரும்பவில்லை. ஒரு நாள் நடுவிலே நிறுத்தி, இரண்டாம் பாதியைப் பிந்திச் சேர்த்தார். முதியவர் கேட்டும் கேளாதவர் போலத் தேநீரைக் குடித்தார்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் இந்த வாசிகசாலையிலே நாமும் சட்டத்தரணிகளான நம் நண்பர் இருவரும் அமர்ந்திருப்போம். பெயரைத் திருத்த விரும்புவோர் தமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றில் கைவசம் உள்ளவற்றைக் கொண்டு வாருங்கள். கூலி இல்லை. சத்தியக் கடதாசிக்குச் சமாதான நீதவான் ஒருவரும் வர உடன்பட்டிருக்கின்றார். வர விரும்பாதவர்களை எவரும் வற்புறுத்த வேண்டாம். கந்தன் என்னும் பெயரையே பெருமையோடு தாங்குவேன் என்பவருக்கும் அது அவருடைய பெயர்தான். ஊரிலே யார் வந்தார், யார் போனார் என்று படலையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். காணி உறுதிகளிலே பெயர் வேறுபடுகின்றவர்கள், எந்தச் சாதியினராயினும், அன்றைக்கே வரலாம். அவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பின் நேரம் ஒதுக்கியிருக்கின்றோம்.