மனதில் கட்டும் கறள்

(எமது சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இலக்கியம் பற்றிப் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. 2008 இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதினேன். அதோடு படிப்பு சரி. இங்கே சுவிசில் இரும்புச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. ரயிலில் போய் வரும்போது வாசிப்பதுதான் என்னுடைய வாசிப்பு. தலைப்பை நீரே எடும் என்று சொன்னபடியால், எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒன்றை எடுத்தேன். கறள்.

எங்கட ஊரில் இரும்பில் பிடிப்பதும் கறள்தான், ஒருவர் மேல் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிவதும் கறள்தான். இந்தச் சொல்லை இரண்டுக்கும் வைத்தவன் இரும்போடு புழங்கியவனாகத்தான் இருக்கவேணும். நனைந்த இரும்பை உடனே துடைத்து வைத்தால் ஒன்றும் வராது. ஈரத்தோடு மூடி அடுக்கி வைத்தால்தான் பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது, அடியிலிருந்து வரும்.

கம்பராமாயணத்துக் கூனியை எல்லோருக்கும் தெரியும். கெட்டவள் என்று சின்ன வயதிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள். வால்மீகியில் அவள் மாடத்தில் ஏறி ஊர்க் கொண்டாட்டத்தைப் பார்க்கிறாள், வயிறு எரிகிறது, கைகேயியிடம் போகிறாள். கம்பர் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் இன்னொன்றையும் வைக்கிறார். இராமன் சிறுபிள்ளையாக இருக்கையில் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவளுடைய கூனில் அடித்திருக்கிறான். அதை அவள் மனதில் வைத்திருந்தாள். இந்த உருண்டைக் கதை ஆழ்வார் பாசுரங்களிலும் வருகிறது. கம்பர் அதற்குச் செலவழிப்பது அரைப் பாட்டுத்தான். ஆனால் அந்த அரைப் பாட்டுக்குப் பிறகு கூனியைச் சும்மா கெட்டவள் என்று தள்ள எனக்கு முடியவில்லை. அடித்தது அரச குமாரன். அடிபட்டவள் வேலைக்காரி. அவள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? சொல்லியிருந்தால், பிள்ளை விளையாட்டுக்குச் செய்தது என்று எல்லோரும் சிரித்திருப்பார்கள். பார்த்தவர்கள் அப்போதும் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விசயம் பிறகு கிட்கிந்தா காண்டத்தில் இருக்கிறது. சுக்கிரீவனுக்கு முடி சூட்டிய பிறகு இராமன் அவனுக்கு எப்படி ஆளவேண்டும் என்று புத்தி சொல்கிறான். அதிலே ஒரு இடம். சின்ன ஆட்கள்தானே என்று யாரையும் இகழ்ந்து நோகச் செய்யாதே, நான் அப்படிச் செய்ததால்தான் கூனியாலே இந்தத் துன்பத்துக்குள் விழுந்தேன் என்று சொல்லுகிறான். தெய்வமென்று கும்பிடுகிற ஒருவனின் வாயால் கம்பர் இதைச் சொல்ல வைத்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் அதை அவன் சொல்வது காட்டிலே, குரங்கரசனுக்கு. கூனி எங்கேயோ தூரத்தில் அயோத்தியில் இருக்கிறாள். அவளுக்கு அது கேட்கவில்லை.

இனி ருசியாவுக்கு வருவம். தஸ்தயேவ்ஸ்கி 1864 இல் எழுதிய கதை, தமிழில் 'நிலவறைக் குறிப்புகள்' என்று வந்திருக்கிறது. வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில் ஒரு சின்ன உத்தியோகக்காரன். ஒரு கடையில் பில்லியட் மேசைக்குப் பக்கத்தில் வழியை மறித்து நிற்கிறான். ஒரு இராணுவ அதிகாரி வந்து, ஒரு சொல்லுச் சொல்லாமல், இவனைத் தோளில் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்திவிட்டுப் போகிறான். கதிரையை நகர்த்துகிற மாதிரி. அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்கிறான் இவன். வருசக்கணக்காக அந்த அதிகாரியின் பின்னால் திரிகிறான், பெயரை விசாரிக்கிறான், கடிதம் எழுதுகிறான், அனுப்பவில்லை. கடைசியில் தெருவில் எதிரே வரும்போது விலகாமல் தோளோடு தோள் இடிப்பது என்று முடிவு எடுக்கிறான். இடிக்கிறபோது மரியாதையான ஆளாகத் தெரியவேணும் என்று மேலதிகாரியிடம் கடன் வாங்கிக் கோட்டுக்கு நல்ல உரோமக் கழுத்துப்பட்டி போடுகிறான்! இடித்தும் விடுகிறான். மற்றவன் திரும்பியும் பார்க்கவில்லை.

இதோடு கதை முடிந்தால் பகிடிக் கதை. முடியவில்லை. லீசா என்று ஒரு ஏழைப் பெண் வருகிறாள், இவனை விடக் கஷ்டப்பட்டவள். இவனை நம்பி இவன் வீடு தேடி வருகிறாள். அதிகாரிக்குக் கொடுக்க முடியாமல் போன எல்லாவற்றையும் இவன் அவளிடம் கொடுக்கிறான். அவமானப்படுத்தி, கையில் காசைத் திணித்து அனுப்புகிறான். அவள் அந்தத் தாளை மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். செய்தவன் எட்டாத உயரத்தில் இருந்தால், எட்டுகிற தூரத்தில் நிற்கிறவருக்கு விழும். இது ருசியாவில் மட்டும் நடக்கிற காரியமில்லை.

கோபம் எல்லாமே கறள் என்று நான் சொல்ல வரவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் எங்களையும் உள்ளே விடுங்கள் என்று நின்றவர்களுக்கு இருந்தது கோபம். தேநீர்க்கடைக்குள்ளே இருந்து குடிக்க விடு என்று கேட்டவர்களுக்கு இருந்ததும் அதுதான். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் அந்தக் காலத்தைத்தான் எழுதினார். ஆருக்கு எதிராக, எதற்காக என்று அவர்களுக்குத் தெரியும், வெளியில் சொன்னார்கள். கூனிக்குக் கேட்க வாசல் இருக்கவில்லை.

இப்ப எங்களுக்குள்ளே பாருங்கோ. "அவையும் நாங்களும் கோபம்" என்று சொல்லுவம், என்ன காரணம் என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவில்லை. கலியாண வீட்டுக்குக் காட் தரேல்லை, தந்தாலும் தபாலில் அனுப்பினவை, மேடையில் பெயர் விட்டுப்போச்சு. அதோடு நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை. வருடப்பிறப்பு அன்று பிள்ளைகள் கைவிசேடம் வாங்கப் போக ஒரு வீடு குறைந்துவிடும். இதுகளைப் பற்றி நாங்கள் பகிடியாகக் கதைக்கிறம். எனக்குப் பகிடியாகத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சம்பந்தப்பட்டவர் இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர் இல்லை.

நானும் அவரும் அயல் ஊர்கள். 2010 இல் இங்கே வந்து ஒரே முகாமில் ஒரே அறையில் இருந்தம். ஒரே சட்டியில் சமைத்தம். எனக்கு 2013 இல் பி கிடைத்தது. அவர் 2017 மட்டும் என் விசாவோடு இருந்தார், பிறகு எஃப். இந்த எழுத்துகளின் கனம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊருக்குப் போக இரண்டு பேருக்குமே வழியில்லை. ஆனால் என்னால் 2015 இல் திருச்சிக்குப் போய், ஊரிலிருந்து வந்த அம்மாவைப் பார்க்க முடிந்தது. அம்மாவோடு துணைக்கு அவருடைய அம்மாவும் வந்திருந்தா. பத்து நாள் ஒரே வீட்டில் இருந்தம். "தம்பி, அவன் மெலிஞ்சு போனானே?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பா. வரும்போது பயித்தம் பணியாரமும் ஊறுகாயும் கட்டித் தந்தா. கொண்டுவந்து கொடுத்தேன். "அம்மா எப்படி இருக்கிறா?" என்று அவர் கேட்கவில்லை. பார்சலை வாங்கினார், கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து கதை இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கொஞ்சக் காலம் யோசித்தேன். ஒன்றுமில்லை. அவருடைய தாயை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். விசாவை இழுத்தடித்தவர்களுக்கு அவருடைய முகம் தெரியாது, அவருக்கும் அவர்களுடைய முகம் தெரியாது. என்னுடைய முகத்தை மட்டும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலை. பெட்டியைத் தள்ளும்போது "கவனம்" என்று சொல்லுவார், டொச்சில்.

தாயார் 2019 இல் ஊரில் காலமாகிவிட்டா. செத்தவீட்டை அவர் ரெலிபோனில் பார்த்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போய் நின்றேன், இருக்கச் சொன்னார், ஒன்றும் கதைக்கவில்லை. 2023 இல் அவருக்கும் பி கிடைத்தது. இன்னும் எங்கும் போகவில்லை.

வருகிற கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் இரவு வேலை. மனைவி பயித்தம் பணியாரம் சுட்டிருக்கிறா. ஒரு பெட்டி கூடவே எடுத்து வைத்திருக்கிறேன். வாங்குவாரோ தெரியாது.