பீங்கான் ஓடும் அதைத் துளைக்கும் அலகும்



செகந்திராபாத்தில் சொந்த வீடு வாங்கி நிலைபெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. குளியலறைச் சுவரில் புதிதாக ஒரு குழாய் பொருத்த நேரும்போது, துளையிடுகையில் பீங்கான் ஓடு உடைந்துவிடுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. உடைந்தால் அதே நிறத்தில் வேறு ஓடு கிடைப்பது அரிது. வேலையாளின் அன்றைய கூலியும் வழக்குக்கு உள்ளாகிறது. இத்தொல்லையில் பெரும்பகுதி தக்க அலகைத் தேர்ந்தெடுப்பதால் நீங்கும்.

‘டைல்ஸ்’ என்று நாம் பொதுப்பெயரால் வழங்குபவை ஒரே தன்மையுடையன அல்ல. சுவருக்கான மெருகோடு பெரும்பாலும் தன் எடையில் 100க்கு 10 பங்குக்கு மேல் நீரை உறிஞ்சும்; உள்ளே மென்மையானது. ‘விட்ரிஃபைடு’ ஓடோ அரைப் பங்கிற்கு மேல் உறிஞ்சுவதில்லை; கெட்டியானது. மிஞ்சிய துண்டின் பின்புறத்தில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளிழுத்தால் முன்னது. நீர் அப்படியே நின்றால் பின்னது.

இனி அலகுகள். பட்டறை வழக்கில் இவை ‘பிட்’ எனப்படும். ராணிகஞ்ச் கடைகளில் பலவகை உண்டு. மரத்துக்கும் இரும்புக்கும் உரிய எஃகு அலகு இங்குப் பயன்படாது. ஓட்டின் மெருகு கண்ணாடியே ஆதலால் முனை விரைவில் மழுங்கும். மெருகோட்டுக்கு ஈட்டிமுனை கொண்ட கார்பைடு அலகு போதும். இதனையே தொழிலாளர் ‘விடியா’ என்பர். 1920களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் இட்ட வணிகப் பெயர் அது. ‘வைரம் போன்றது’ என்பது பொருள்.

விட்ரிஃபைடு ஓட்டுக்கோ வைரமே வேண்டும். கோல்கொண்டாவுக்கு அருகில் வாழும் நமக்கு இது வியப்பன்று. எனினும் அலகில் பதிந்துள்ளது கிருஷ்ணைக் கரைச் சுரங்கங்களின் வைரமன்று, செயற்கை வைரத்தூள். அதனை உண்டாக்கியதை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1955இல் அறிவித்தது.

குழாய்த் துளைக்குக் கிண்ணம் போன்ற வைர அலகு ஏற்றது. ‘அரை அங்குலம்’ எனப்படும் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் அலகு கேளுங்கள். சதுரமாகவோ கோணலாகவோ வெட்ட வேண்டுமாயின், கையடக்கச் சுழற்கருவியில் மெல்லிய வைர அலகைப் பொருத்தி, கோட்டின் வழியே சிறிது சிறிதாகத் தேய்த்து எடுக்கலாம்.

துளையிடும்போது இயந்திரத்தின் சுத்தியல் விசையை நிறுத்திவிடுக. வேகம் குறைவாகவும் அழுத்தம் மிதமாகவும் இருக்கட்டும். கிண்ண அலகைச் சற்றுச் சாய்த்துத் தொடங்கி, பள்ளம் விழுந்தபின் நிமிர்த்துக. ஈர நுரைப்பஞ்சினால் அலகை அடிக்கடி நனைக்க வேண்டும்; மின்கருவியின் மேல் நீர் படலாகாது.

இந்நீர் அலகின் சூட்டைத் தணிப்பதோடு தூசியையும் அடக்குகிறது. ஓட்டுத்தூசியில் உள்ள சிலிக்கா, ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவரின் நுரையீரலைக் கெடுத்து சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயைத் தரும். நம் வீட்டில் ஒரு துளை. கொத்தனாருக்கோ நாள்தோறும் பல துளைகள். ஆகவே தக்க அலகையும் ஒரு வாளி நீரையும், முகக்கவசத்தையும் கண்ணாடியையும் ஆயத்தமாக வைத்த பின்னரே அவரை வேலைக்கு அழைப்பது வீட்டுக்குடையவரின் கடமையாகும். ஓடு உடைந்தால் வேறு பதிக்கலாம். நுரையீரலுக்கு அவ்வழி இல்லை.