ஆலை நின்ற குளிர்காலம்



புகை மண்டிய நாளில் ஆஸ்பத்திரியில் மூச்சிரைப்புக்காரர்களின் கூட்டம் கூடினால், பழியைப் புகைமேல் போட்டுவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. அது குளிர்காலமாக இருக்கும். ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமாக இருக்கும். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்கள். இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், புகையை மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த அரசாங்கம் அதற்குச் சம்மதிக்கும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தொழில் தகராறு அதைச் செய்தது. பிரோவோ நகருக்குப் பக்கத்தில் ஜெனீவா எஃகு ஆலை இருந்தது. மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் சூடான காற்று பானைக்கு மூடிபோட்டாற்போல் உட்கார்ந்துகொள்ளும். ஆலைப்புகைக்குப் போக்கிடம் கிடையாது. 1986 ஆகஸ்டில் ஆலை நின்றது. வேலைநிறுத்தம் என்றது நிர்வாகம், கதவடைப்பு என்றது சங்கம். எதுவானாலும் சுமார் 13 மாதம் உலை எரியவில்லை. 1987 செப்டம்பரில் புது நிர்வாகத்தின்கீழ் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆர்டன் போப் என்பவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். மருத்துவர் இல்லை, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஆலை ஓடிய குளிர்காலங்களையும் நின்ற குளிர்காலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டார். மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா என்று உள்நோயாளிகளாகச் சேர்ந்த குழந்தைகள், ஆலை ஓடியபோது இரண்டு மூன்று மடங்கு அதிகம்! சிகரெட்டைக் காரணம் சொல்லவும் இடமில்லை. அங்கே பெரும்பாலோர் மோர்மன் சமயத்தார். அவர்களுக்குப் புகையிலை விலக்கு. 1989இல் ஆய்வு வெளியானது. குழந்தைகளிடையே ஏதோ வைரஸ் பரவியிருக்கும் என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் அதே மாநிலத்தில் எஃகு ஆலை இல்லாத கேச் பள்ளத்தாக்கில் இப்படி ஏறி இறங்கவில்லை.

எனக்கு வியப்பூட்டுவது இதற்குப் பின்னால் நடந்ததுதான். காற்றிலிருந்த தூசியைப் பிடித்த வடிதாள்களை யாரோ எறியாமல் எடுத்து வைத்திருந்தார்கள். ஆலை ஓடிய காலத்துத் தூசி, நின்ற காலத்துத் தூசி, இரண்டையும் நீரில் கரைத்தெடுத்து, சம அளவில், சம்மதித்து முன்வந்தவர்களின் நுரையீரலுக்குள் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வாளர்கள். முடிவு 2001இல் வெளியானது. ஆலை ஓடிய காலத்துத் தூசி பட்ட இடத்தில் அழற்சி தெளிவாகத் தெரிந்தது. நின்ற காலத்துத் தூசி அவ்வளவாக உறுத்தவில்லை. ஆலைத் தூசியில் கலந்திருந்த செம்பு, துத்தநாகம், இரும்பு போன்ற உலோகங்கள்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

அப்படியானால் தூசி எவ்வளவு என்பதோடு, எங்கிருந்து கிளம்பியது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் செய்தியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு, தூசியைப் பொறுத்தவரை, இன்றும் அதன் எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. செம்மண் புழுதியும் உலைப்புகையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.