கொட்டகையைக் காக்கும் போல்ட்டு
(அரியாங்குப்பத்தில் நிகழ்த்திய உரை)



புயலைப் பற்றி அரியாங்குப்பத்தாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் 'பெஞ்சல்' புயல் புதுவை அருகே கரையேறிற்று. இத்தகைய கரையோரத்தில் நெல் சேமிக்கவும் சந்தை கூட்டவும் உருக்குக் கொட்டகைகளை எழுப்புகிறோம். தூணின் கனத்தை எல்லோரும் பார்க்கிறோம். தூணையும் உத்திரத்தையும் பிணைக்கும் போல்ட்டைப் பார்ப்பவர் சிலரே. காற்று கூரையைத் தூக்கும்பொழுது அவ்விசை முழுவதும் இணைப்புகளின் வழியாகவே அடித்தளத்தைச் சேர வேண்டும். இணைப்பு விட்டுப்போனால், தூண் கனத்திருந்தும் பயனில்லை.

முற்காலத்தில் இவ்வேலையை ரிவிட்டுகள் செய்தன. 1943-இல் திறக்கப்பெற்ற கல்கத்தா ஹௌரா பாலம் ரிவிட்டுகளாலேயே இணைக்கப்பெற்றது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போடுவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். காய்ச்சிய ரிவிட்டு ஆறும்பொழுது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும்.

இன்று அவ்விடத்தில் உயர் வலிமைப் போல்ட்டு வந்துள்ளது. இதனை உரிய அளவு முறுக்கினால், அது சற்றே நீண்டு தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தும். 20 மில்லிமீட்டர் பருமனும் 8.8 தரமும் உள்ள ஒரு போல்ட்டு சுமார் 14 டன் விசையுடன் அழுத்த வல்லது. அதனால் எழும் உராய்வே தகடுகளை நகரவொட்டாமல் பிடிக்கிறது. ஆகவே தகடுகள் சேருமிடத்தில் எண்ணெயும் மண்ணும் இருத்தலாகாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, போல்ட்டின் தலையிலுள்ள எண். 8.8 தரம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவையைத் தாங்கும், 4.6 தரம் சுமார் 40 கிலோவே தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வரைபடத்தில் 8.8 என்றிருக்க, எண்ணில்லாத போல்ட்டு வந்தால் ஏற்காதீர்கள். உயர் வலிமைப் போல்ட்டுக்கு இந்தியத் தரம் 3757, பொருத்தும் முறைக்கு 4000 என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முறுக்கும் முறை. முதலில் தகடுகள் நன்கு படியுமாறு எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். பின்னர் நட்டின் மேலும் தகட்டின் மேலும் ஒரே கோடு இழுத்து, பொறியாளர் சொல்லும் அளவு, நீளத்திற்கேற்ப மூன்றிலொரு சுற்றோ அரைச் சுற்றோ, திருப்ப வேண்டும். கோடு விலகியிருப்பதே வேலை நடந்ததற்குச் சாட்சி. இவ்வாறு முழுதும் முறுக்கிய போல்ட்டைக் கழற்றினால் மறுபடி பூட்டலாகாது.

மூன்றாவது, துரு. உப்புக் காற்று முதலில் தின்பது கூரைத் தகட்டைப் பிடிக்கும் கொக்கிப் போல்ட்டுகளையே. அவை துத்தநாகப் பூச்சுடையனவாக இருக்கட்டும். வாஷரின்றிப் பூட்ட விடாதீர்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஏணி வைத்து ஏறிப் பார்த்து, துருவேறியதை மாற்றிவிடுங்கள்.

அடுத்த முறை கொட்டகைக் கணக்கைச் சரிபார்க்கும்பொழுது, சாமான் பட்டியலோடு ஒரு போல்ட்டையும் கையில் எடுத்து அதன் தலையைப் படியுங்கள். புயல் வரும் நாளில் உங்கள் நெல்லும் உங்கள் மக்களும் அந்தக் கூரையின் கீழே இருக்கக்கூடும்.