ஆஸ்திக அப்பாவும் நாஸ்திகப் பிள்ளையும்

(ஹைதராபாத் கிளையின் குடும்ப சங்கமத்தில், பத்மராவ் நகரில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "ஆஸ்திகரும் நாஸ்திகரும்". முப்பத்தைந்து வருஷம் பாங்கில் பேரேடு பார்த்தவனுக்கு இது கொஞ்சம் பெரிய தலைப்புதான். ஆனால் வீட்டிலேயே ஒரு நாஸ்திகர் இருப்பதால் அனுபவத் தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்டேன். அந்த நாஸ்திகர் என் பிள்ளை. ஹைடெக் சிட்டியில் வேலை. இன்று காலையில் அவன்தான் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அவனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

என் மனைவி காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. முதல் வருஷம் மாசிகங்கள், ஆப்திகம் எல்லாவற்றையும் பிள்ளை குறைவில்லாமல் செய்தான். முடிந்த மறுநாள் என்னிடம் வந்து, "அப்பா, அம்மாவுக்காக ஒரு வருஷம் பண்ணினேன். எனக்கு இதில் துளிக்கூட நம்பிக்கை இல்லை. இனிமேல் என்னால் முடியாது" என்றான். நான் விடவில்லை. அடுத்த திதி வந்தபோது, "உன் அம்மா பட்டினியாக நிற்பாள்டா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். இதைவிடக் கடுமையான வார்த்தை ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியாது. வந்தான். பவித்ரம் போட்டுக்கொண்டான். வாத்தியார் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள், அம்மா நினைவு என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது அவமானம்.

அதற்கடுத்த வருஷம் அவன் வரவில்லை. நானே செய்தேன். உறவுக்காரர்கள் கேட்டபோது, ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போயிருக்கிறான் என்றேன். அவன் அன்றைக்கு கொண்டாப்பூரில் வீட்டில்தான் இருந்தான். பத்து மாசம் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. எல்லாம் மாட்டுப்பெண் வழியாகத்தான்.

அந்தச் சமயத்தில் விஜயவாடாவில் ஒரு கல்யாணம். இங்கேயிருந்து 270 கிலோமீட்டர் சொச்சம், ஒரே காரில் மௌன விரதம். ஊருக்குள் நுழைந்து பென்ஸ் சர்க்கிள் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனான். அங்கேதான் நாஸ்திக கேந்திரம் இருக்கிறது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்தவன் ஒரு மெல்லிய புஸ்தகத்தை என் பக்கத்து சீட்டில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையில் காந்தி பெயர் இருந்ததால்தான் எடுத்தேன். அன்று ராத்திரி கல்யாண மண்டபத்தில் கொசுவோடு கொசுவாக உட்கார்ந்து படித்து முடித்தேன்.

எழுதியவர் கோரா. கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற பெயரின் சுருக்கம். தெலுங்கு பிராமணர், 1902இல் பிறந்தவர். நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு: சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பாடம் நடத்தினார். பூணூலைக் கழற்றியதற்காக அவருடைய அப்பா அவரை வீட்டை விட்டு அனுப்ப வேண்டிவந்தது. நாஸ்திகம் பேசினார் என்று 1933இல் காக்கிநாடா கல்லூரியில் வேலை போயிற்று. 1940இல் கிருஷ்ணா ஜில்லா முதுனூரில் நாஸ்திக கேந்திரத்தை ஆரம்பித்து, 1947இல் விஜயவாடாவுக்குக் கொண்டுவந்தார். கிராமத்தில் அவர் செய்ததெல்லாம் முதியோர் கல்வி, சமபந்தி போஜனம், தீண்டாமை ஒழிப்பு. ஏறக்குறைய காந்தி செய்துகொண்டிருந்த அதே வேலை, சுவாமி இல்லாமல்.

1941இல் காந்திக்குக் கடிதம் எழுதிப் பேச நேரம் கேட்டார். வந்த பதில் உற்சாகமாக இல்லை. நாஸ்திகம் என்பது தன்னைத்தானே மறுப்பது, அதைப் பரப்பி யாரும் ஜெயித்ததில்லை, உங்களுக்குக் கிடைத்த பலன் உங்கள் உண்மையான உழைப்பினால் வந்தது என்கிற தோரணையில் எழுதிவிட்டார். நாமாக இருந்தால் அதோடு சரி. கோரா காத்திருந்தார். 1944 நவம்பரில் சேவாகிராமத்துக்கே போனார். சாயங்கால நடையின்போது பேச்சு.

கோரா சுற்றி வளைக்கவில்லை. வங்காளப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் மனிதர்கள் பசியில் செத்தார்களே, கடைகளில் உணவு இருந்ததே, விதி என்று பசித்தவனும் நம்பினான், பார்த்தவனும் நம்பினான் என்பது அவர் வாதத்தின் சாரம். கடவுள் இல்லை என்று தெரிந்துவிட்டால் மனிதன் தன் பொறுப்பை யார் தலையிலும் போட முடியாது என்றார். காந்தி முழுக்கக் கேட்டார். அப்புறம் அவர் சொன்னதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன்: உங்கள் பேச்சில் ஒரு லட்சியம் தெரிகிறது, என் ஆஸ்திகம்தான் சரி என்றோ உங்கள் நாஸ்திகம் தப்பு என்றோ என்னால் சொல்ல முடியாது, நாம் இருவரும் சத்தியத்தைத் தேடுகிறவர்கள், தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம்.

நாள் தவறாமல் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தியவர், ராம நாமத்தை மூச்சாக வைத்திருந்தவர் சொன்ன வார்த்தை இது. இவருக்கு நாஸ்திகர்கள் புதிதல்ல. லண்டனில் படிக்கும்போதே, 1891இல், சார்லஸ் பிராட்லா என்ற பெயர்பெற்ற நாஸ்திகரின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். "கடவுளே சத்தியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பிற்பாடு "சத்தியமே கடவுள்" என்று திருப்பிப் போட்டதற்கு ஒரு காரணமும் சொன்னார். கடவுளை மறுப்பவர்கள்கூட சத்தியத்தை மறுப்பதில்லையாம்.

இனிமேல்தான் விஷயம். கோரா தம் மூத்த பெண் மனோரமாவை அர்ஜுன ராவ் என்ற ஹரிஜன இளைஞருக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். (நம் பத்திரிகையில் வரன் தேடும் பக்கத்தை முதலில் புரட்டுகிற மாமிகள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்காருவது இங்கிருந்தே தெரிகிறது.) கல்யாணத்தை சேவாகிராமத்தில் நடத்த காந்தி சம்மதித்தார். ஆனால் இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னார், மாப்பிள்ளை ஆசிரமத்தில் வந்து பயிற்சி பெறட்டும் என்றார். ஆசிரமக் கல்யாணத்தில் கடவுள் பெயரால் உறுதிமொழி சொல்ல வேண்டும். கோரா வீட்டுப் பெண் அதைச் சொன்னால் அது பொய். காந்தி அந்தப் பொய்யைக் கேட்கவில்லை. கடவுள் என்ற இடத்தில் சத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். கோராவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அந்தக் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. 1948 ஜனவரி 30 முந்திக்கொண்டது. ஆறு வாரம் கழித்து, மார்ச் 13ஆம் தேதி, அவர் இல்லாத சேவாகிராமத்தில், சத்தியத்தின் பெயரால் அந்தக் கல்யாணம் நடந்தது.

அந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தன் மனசுக்கு ஒட்டாத ஒரு சொல்லை அந்தப் பெண் வாயால் சொல்லக் கூடாது என்று காந்தி நினைத்தார். நான் என் பிள்ளையை ஒரு முழு ச்ராத்தத்தையே சொல்ல வைத்தேன். ச்ரத்தையோடு செய்வது ச்ராத்தம் என்று எத்தனை உபந்யாசத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்!

இதெல்லாம் காந்தியோடு வந்த புதுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. வால்மீகி ராமாயணம் அயோத்யா காண்டத்தில் ஜாபாலி என்ற பிராமணர் ராமனிடமே பேசுகிறார்: இறந்தவன் எப்படிச் சாப்பிடுவான், இங்கே ஒருவன் சாப்பிட்டால் வேறொருவன் வயிறு நிறையுமானால் வழிப்பயணம் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு என்று. என் பிள்ளை கேட்ட கேள்வியேதான். ராமன் கோபித்துக்கொண்டு கடுமையாகத்தான் பதில் சொல்கிறான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வசிஷ்டர் எழுந்து, உன்னைத் திருப்பி அழைத்துப்போகும் ஆசையில் அவர் அப்படிப் பேசினார் என்று சமாதானம் செய்கிறார். ஜாபாலியின் கேள்வி மட்டும் காவியத்திலிருந்து போகவில்லை. இன்றைக்கும் பாராயணம் செய்கிறவர்கள் அதையும் சேர்த்தே வாசிக்கிறார்கள்.

இன்னொன்று. மனு ஸ்மிருதி நாஸ்திகன் என்று சொல்வது வேதத்தை நிந்திக்கிறவனை. ஈச்வரனை ஒப்புக்கொள்ளாதவனை அல்ல. நம் கர்மாக்களுக்கெல்லாம் நியாயம் வகுத்துக் கொடுத்த மீமாம்சகர்களில் குமாரில பட்டர், உலகைப் படைத்த ஈச்வரன் ஒருவன் உண்டு என்பதையே எதிர்த்து வாதாடியவர். ஆக, வாத்தியார் பக்கத்திலும் ஒரு நிரீச்வரவாதி உட்கார்ந்திருக்கிறார். தமிழில் மணிமேகலை, வஞ்சி மாநகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பூதவாதியையும் விடவில்லை. கண்ணால் காண்பதே பிரமாணம் என்று அவன் சொன்னபோது, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். கேட்டு முடித்த பிறகுதான் கேள்வி.

ஈ.வெ.ரா.வைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று முன்வரிசையில் ஒரு மாமா கண்ணாலேயே கேட்கிறார். 1953இல் பிள்ளையார் சிலைகளை உடைத்ததும், 1971 சேலம் ஊர்வலமும் நம் வீடுகளில் விட்ட காயம் எனக்கும் தெரியும். என் தகப்பனார் கும்பகோணத்தை விட்டு செகந்தராபாத் வந்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. நம்மவர்கள் பிறரைக் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் நிறுத்திவைத்ததையும் பூசி மெழுக மாட்டேன், அந்தக் கோபம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. ஆனால் அதே மனிதர், ஜன்ம வைரிபோல் அரசியலில் மோதிய ராஜாஜியோடு கடைசிவரை சிநேகமாக இருந்தார். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவர் என்ற காலத்துப் பழக்கம். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். குன்றக்குடி அடிகளாரோடும் அவருக்கு மரியாதையான பழக்கம் இருந்தது.

பிடிவாதம் ஒரு தரப்பின் ஏகபோகமும் அல்ல. நம் ஊர் சி.சி.எம்.பி.யை நிறுவிய புஷ்ப மித்ர பார்கவா, 2017இல் காலமானவர், தீவிர பகுத்தறிவாளர். 1964இல் அவரும் நண்பர்களும் அறிவியல் மனப்பான்மைக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சேருகிறவர்கள், அறிவு மனித முயற்சியால் மட்டுமே கிடைக்கும், தெய்வ வாக்கினால் அல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும். விஞ்ஞானிகள் பலர் மறுத்துவிட்டார்கள். பார்கவாவுக்கு அதில் பெரிய ஏமாற்றம். எனக்கோ அந்தக் கையெழுத்துப் போடாதவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது. நம்பாததற்குக் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதானே. என் பிள்ளையும் அதைத்தானே செய்தான்?

கல்யாணம் முடிந்து திரும்பும்போது சூர்யாபேட்டையில் காபிக்கு நிறுத்தினான். பத்து மாசம் கழித்து நான்தான் முதலில் பேசினேன். "நீ பொய் சொல்லவில்லை. அமெரிக்கா போயிருக்கிறாய் என்று சொன்னது நான்" என்றேன். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்கு அம்மா நினைவு வராத நாளே இல்லை அப்பா. அது உங்களுக்குத் தெரியலையேன்னுதான் வருத்தம்" என்றான்.

வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "அவர் மாட்டேன்னா நீங்க பண்ணுங்கோ. ஆனா அவரைத் திட்டிண்டே பண்ணாதீங்கோ" என்றார்.

போன வருஷத் திதிக்கு நான்தான் கர்த்தா. பிள்ளை லீவு போட்டுவிட்டு முதல் நாளே வந்துவிட்டான். மோண்டா மார்க்கெட்டில் வாழைக்காய், பாகற்காய் வாங்கினான். பிரண்டைதான் கிடைக்கவில்லை. தெலுங்கில் அதற்கு நல்லேரு என்று பெயர் கண்டுபிடித்து, அல்வால் பக்கம் ஒரு வேலியிலிருந்து பறித்துக்கொண்டு வந்தான். கை அரிப்பு இரண்டு நாள் இருந்தது. ஹோமம் நடந்தபோது கூடத்து ஓரத்தில் நின்றான். மந்திரம் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லவும் இல்லை. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரம் முழுவதும் அவனே தேய்த்தான். உறவுக்காரர் ஒருவர், "பிள்ளை ஏன் உட்காரவில்லை?" என்று கேட்டார். "அவனுக்கு நம்பிக்கை இல்லை" என்றேன். அதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பேரனுக்கு ஏழு வயசு ஆகிறது. பூணூல் போட வேண்டும் என்கிறேன் நான். "அவனே பெரியவனாகி முடிவு பண்ணட்டும்" என்கிறான் பிள்ளை. மாட்டுப்பெண் என் கட்சி, ஆனால் வெளியில் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காபிக்குப் பிறகு இந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. போன வாரம் பேரன் நடுவில் வந்து, "காயத்ரிக்கு அர்த்தம் என்ன தாத்தா?" என்று கேட்டான். நான் சொன்னேன். பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தான்; இடையில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிட்டதால் பேச்சு பாக்கி இருக்கிறது. வாசலில் கார் வந்து நிற்கிறது. வருகிறேன், நமஸ்காரம்.