ஊர்க்கணக்கும் பொருள்நூலும்

(கழுகுமலையிற் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய என்னைப் பொருளாதாரக் கல்வியைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபோது, இஃது என்ன பொருத்தம் என்று முதலில் எண்ணினேன். ஆராய்ந்து பார்க்குமிடத்து அத்துணைப் பொருத்தமின்மை இல்லையெனக் கண்டேன். திருவள்ளுவர் நூலின் 133 அதிகாரங்களுள் 70 பொருட்பாலுக்கு உரியன. அன்றியும், நம் மொழியிற் 'பொருள்' என்னும் ஒரு சொல்லே செல்வத்தையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும். பாட்டுக்குப் பொருள் காண்பது என் தொழில். ஓர் ஊருக்குப் பொருள் காண்பது எவ்வாறு என்பதே இன்று யான் சொல்லப் புகுவது.

சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்திற்கெனத் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டபோது, அதில் முதன்முதல் அமர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். தொழிலாளர்க்குக் கல்வி அளித்தற்பொருட்டு ஆக்ஸ்போர்டில் ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்து, 1915-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்தவர். (இந்தியப் பண்பாட்டில் திராவிடர்க்குரிய பங்கினைப் பற்றி இவர் 1924-இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பதைத் தமிழன்பர்கள் நினைவிற் கொள்க.) வந்தவர் செய்த காரியம் யாது? அந்நாளைப் பாடநூல்கள் இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் விரித்துரைத்தன. மாணாக்கரோ தென்னாட்டுச் சிற்றூர்களினின்று வந்தவர்கள். ஸ்லேட்டர் அவர்கள் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, கோடை விடுமுறையில் தத்தம் ஊருக்குச் சென்று விடை எழுதி வருமாறு ஏவினார். ஊரில் எத்தனை குடிகள்? நிலம் எவரிடம் எவ்வளவு? என்ன விளைகிறது? கூலி நெல்லாகவா, பணமாகவா? கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு? உழவொழிந்த காலத்தில் மக்கள் செய்யும் கைத்தொழில் யாது? இவையே அவர் வினவியவை.

1916-ஆம் ஆண்டிற்றொடங்கிய அவ்வேலை, 1918-இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதன்கண் விரிவாக ஆராயப்பட்ட ஊர்களுள் இரண்டு நமக்கு அண்மையில் உள்ளவை. ஒன்று, கோவிற்பட்டியினின்று திருநெல்வேலி செல்லும் வழியில், சிற்றாற்றங்கரையில் இருக்கும் கங்கைகொண்டான். மற்றொன்று, சிவகாசிக்கு அருகில் உள்ள வடமலாபுரம். பிந்தியது நம் ஊர்களைப் போன்றே வறண்ட நாட்டைச் சேர்ந்தது.

அந்நூல் அச்சேறியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அச் சர்வகலாசாலையின் பிற்காலப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அவர்களும் கே. சி. இராமகிருஷ்ணன் அவர்களும் 1936-37-இல் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து, 1940-இல் நூலாக்கினர். மால்கம் ஆதிசேஷையா அவர்கள் 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 1980-களில் அங்குச் சென்றனர். மருத்துவர் ஒருவர் நோயாளியின் நாடியைப் பாட்டன் காலத்திலும், தந்தை காலத்திலும், மகன் காலத்திலும் பார்த்துக் குறித்து வைத்தாற் போன்றதே இது என்க.

இதனால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இற் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, அடுத்த ஆண்டிற் சிவகாசியில் அதனைத் தொடங்கியது நம்மில் யாவரும் அறிந்த செய்தி. இருவருடைய ஊக்கத்தையும் நாம் மேடைதோறும் புகழ்கின்றோம், புகழத் தக்கதே. ஆயின் ஊக்கமுடையார் எல்லா ஊரிலும் உளர். மழை குறைந்த வெயில் நாடாதலின் குச்சியும் பெட்டியும் விரைவில் உலரும். வானம் பார்த்த நிலமாதலின், புரட்டாசியில் விதைத்து மாசி பங்குனியில் அறுவடை முடிந்த பின் ஆண்டின் எஞ்சிய பகுதியில் வேலையற்றிருக்கும் கைகள் பல. அத்தொழில் இக்கரிசற் காட்டில் வேரூன்றியமைக்கு இவையும் காரணமாம். அது தோன்றுமுன் இந்நாட்டுச் சிற்றூர் எந்நிலையில் இருந்தது என்பதை வடமலாபுரத்திற்கு மாணாக்கர் எழுதிய கணக்கு 1916-லேயே காட்டி நிற்கின்றது. அவ்வரிசையிற் கழுகுமலை இல்லை.

இக்காலத்து நிலையைப் பாருங்கள். 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், பட்டம் பெற நம் பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோ போகவேண்டிய தேவை குறைந்தது. பொருளாதாரத்திற் பட்டம் பெற்ற பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். தேவை, அளிப்பு, விலை என்பவற்றைக் கோடு வரைந்து அழகாக விளக்கினார். "தம்பி, ஒரு தீப்பெட்டியின் விலை பதினான்கு ஆண்டு ஒரு ரூபாயாகவே நின்று, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்றே! அந்தப் பதினான்கு ஆண்டில் மெழுகும் பாஸ்பரமும் அட்டையும் விலை ஏறினவே, ஏறிய பளுவைச் சுமந்தது யார்?" என்று கேட்டேன். அவருக்கு விடை தெரியவில்லை. அவர் அன்னையார் முப்பது ஆண்டு தீப்பெட்டி ஆபீசிற் கட்டை அடுக்கியவர். அவரைக் கேட்டிருந்தால், பெட்டியில் அடைபட்ட குச்சியின் எண்ணிக்கை முதற்கொண்டு சொல்லியிருப்பார். குற்றம் பிள்ளையுடையதன்று. வீட்டில் உள்ள அறிவும் கல்லூரியில் உள்ள அறிவும் ஒன்றையொன்று காணாமலே அவரை வளர்த்துவிட்டோம்.

பிறிதொன்று. முதற்றலைமுறைத் தொழில்முனைவோர்க்கெனத் தமிழக அரசு 2012 முதல் நடத்திவரும் திட்டத்தில், முதலீட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு மானியம் உண்டு. அதற்குத் திட்ட அறிக்கை வேண்டும். கடலைமிட்டாய்த் தொழில் தொடங்க விரும்பிய இளைஞர் ஒருவர் தமது அறிக்கையைத் தமிழ்ப் பிழை திருத்துமாறு என்னிடம் கொண்டுவந்தார். பிழை தமிழில் இல்லை. பிறர் ஒருவர்க்குப் பணங்கொடுத்து எழுதி வாங்கிய அவ்வறிக்கையில் நிலக்கடலை விலையும் கூலியும் வேறு ஏதோ மாவட்டத்துக்குரியனவாய் இருந்தன! அதை நம்பி அவர் தாயாரின் நகை அடகிற்குப் போக இருந்தது. கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இற் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமை. அப்பெருமையுள், ஒரு ரூபாய்க்கு மிட்டாய் விற்றால் கடலைக்கும் வெல்லத்திற்குமாக வெளியூருக்குப் போவது எத்தனை காசு, ஊரிலே தங்குவது எத்தனை காசு என்று எண்ணிப் பார்த்தார் எத்தனை பேர்?

கரிசல் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த புன்செய்களிற் பெரும்பகுதி இன்று மக்காச்சோளம். அது நாமக்கல் முதலிய இடங்களுக்குக் கோழித் தீவனமாகப் போகின்றது. ஆதலின் நம் சம்சாரியின் வரவை அங்குள்ள முட்டை வாணிகம் தீர்மானிக்கின்றது. 2018-இற் படைப்புழு வந்து அழித்தபோது, எந்த வீடு எவ்வளவு இழந்தது, எவ்வாறு மீண்டது என்று ஊர்வாரியாக எழுதி வைத்திருந்தோமாயின், அடுத்த பயிரைத் தேர்வதற்கு அஃதொன்றே பாடநூலாகியிருக்கும். 1901-ஆம் ஆண்டு முதல் கோவிற்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. விதையையும் மண்ணையும் அவர்கள் ஆராய்கின்றனர். வீட்டு வரவு செலவை ஆராய்வது நம் வேலை.

நம்மவர்க்குக் கணக்கெழுதுதல் புதிதன்று. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளியும் கிணறும் சாவடியும் கண்ட குலம் இது. 1910-இல் மகாஜன சங்கத்தையும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையும் நிறுவினோம். அவ்வங்கியே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடைபெறுகின்றது. மகமைப் பேரேட்டைப் பணக்கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். எந்த ஆண்டில் எத்தனை மூட்டைப் பருத்தி, எத்தனை மூட்டை வற்றல், எத்தனை மூட்டை மல்லி ஒரு பேட்டையைக் கடந்து சென்றன என்பதற்கு அதனினும் சிறந்த சான்று எங்குளது? ஆயினும் பழைய பேரேடுகள் பல கறையான் வாய்ப்பட்டன. சில, கட்டடம் புதுப்பித்தபோது எடைக்குப் போயின. எஞ்சியவை எவர் வீட்டுப் பெட்டியில் இருப்பினும் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டுகின்றேன். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம்.

இனிச் சொல்வது சிலர்க்குக் கசக்கலாம். எனினும் சொல்லாது விடேன். சங்கத்தின் சார்பில் ஊர்க்கணக்கு எடுப்போமாயின் நம் தெருவை மட்டும் எண்ணி வருவோம் என்று சிலர் கருதுவர். அவ்வாறு எண்ணுவது ஊர்க்கணக்காகாது, பந்திக்கணக்காகும். 1916-இற் கல்லூரியிற் பயின்றோர் பெரும்பாலும் நிலமுடைய குடியினர். அவர்கள் எழுதிய ஏடுகளிலே பண்ணையாட்களின் கூலியும் கடனும் இடம் பெற்றமையினாலன்றோ அந்நூல் நூறாண்டு கழிந்தும் பயன்படுகின்றது! தீப்பெட்டி ஆபீசுக்கு வரும் பெண்கள் ஒரே தெருவினரா? மக்காச்சோளம் ஒடிக்க வருவோர் ஒரே குலத்தினரா? 1895-இல் இவ்வூரில் நேர்ந்த கலகத்தைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் இங்கு இருக்கின்றனர். ஒரு தெருவின் நிலையை மறு தெரு அறியாதிருத்தலின் விலை யாதென்று இவ்வூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலின் நம் பிள்ளைகளோடு பிற சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, எல்லாத் தெருவுக்கும் அனுப்பவேண்டும் என்பது என் கருத்து. செலவு மகமையினின்று ஆகுக.

செயற்குழுவின் முன் யான் வைத்திருப்பது இது. வருகின்ற சித்திரை விடுமுறையில் கல்லூரி மாணாக்கர் பன்னிருவர், அவருட் பாதிப்பேர் பெண்மக்கள், நாற்பது நாள் கழுகுமலையில் வீடு வீடாகச் சென்று எழுதவேண்டும். ஒருவர்க்கு நாட்படியும் மதிய உணவும் சங்கம் அளிக்கும். கடனைப் பற்றிய வினாவுக்கு விடை கூற விரும்பாதாரை வற்புறுத்தலாகாது. எவர் பெயரும் அச்சில் வாரா. கல்லூரிப் பொருளாதார ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வினாத்தாளைத் திருத்துவித்துக் கொள்வோம். முதல் வரைவை யான் எழுதிவிட்டேன். இருபத்தாறு வினாக்கள் உள. தாய்மார்கள் அதனை ஒருமுறை படித்து, நான் கேட்க மறந்தவற்றைச் சொல்லவேண்டும். வீட்டுக் கணக்கு அவர்கள் கையில் உள்ளது. படிகள் காரியதரிசியின் மேசைமேல் இருக்கின்றன. பெயர் கொடுக்க விரும்பும் மாணாக்கர் பங்குனி முடிவதற்குள் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.