பெயர் வேண்டாத் திருத்தொண்டு



1999 இல் வெளிவந்த ‘சிஸ்டம் ஷொக் 2’ என்னும் கணினி விளையாட்டு, விண்கலமொன்றில் நிகழும் அச்சக் கதை. ஷோடான் என்னும் கொடிய இயந்திர மூளையின் குரலைக் கேட்டோர் மறவார்.

அதனை ஆக்கியோருள் ஒருவரான லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000 இல் மூடப்பட்டது. புதிய கணினிகளில் விளையாட்டு இடைநடுவே முடங்கியது. ஆயினும் அன்பர்கள் அதனைக் கைவிடவில்லை. மங்கிய சுவர்களையும் உருவங்களையும் புதிதாய் வரைந்து சேர்த்தனர், கதையை மாற்றினாரல்லர். 2012 இல், தம் பெயரை வெளியிடாத ஒருவர், அது மீண்டும் செவ்வனே இயங்கத் திருத்தமொன்றை இலவசமாக வழங்கினார். இன்று ஆடுவோர் அவருக்குக் கடமைப்பட்டோரே.

பெரியோர்களே, விளையாட்டென்று இதனை இகழாதீர்கள். இளைஞர்களே, ஆடி மகிழ்வதோடு நில்லாதீர்கள். பழுது கண்டவிடத்துச் செப்பனிடவும் பயிலுங்கள். மூலத்தைச் சிதைக்காது, புகழை நாடாது செய்வதே உழவாரப் பணி.